ஒத்த ஆளுக்கு ஓர் அடுப்பு

“ஒத்த ஆளுக்கு எதுக்கு அடுப்பு மூட்டிக்கிட்டு?” தனியாக வாழும் பெரியவர்களின் வீட்டுக்குப் போனால் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்ப முடியாது. காலையில் ஒரு டீ, இரண்டு பொறை. மதியம் நேற்று வடித்த சோற்றில் மோர். ராத்திரி பசியில்லை என்று ஒரு வாழைப்பழம். பானையில் அரிசி இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, சிலருக்கு மகன் அனுப்பும் பணமும் இருக்கிறது. இருந்தும் உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது.

2017-18-இல் நாடு முழுவதும் 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘லாசி’ எனும் முதுமை ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 27 சதவீதம் பேர் இருக்கவேண்டிய எடைக்கும் கீழே இருந்தார்கள். வறுமை இதற்குப் பெரிய காரணம். ஆனால் வறுமையோடு கதை முடிவதில்லை. வயதாக ஆக நாக்குக்கு ருசி மங்குகிறது, பல் விழுகிறது, தாகம் எடுப்பதே தெரியாமல் போகிறது. தசையும் கரைகிறது. அது கரையாமல் காக்க, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் தினமும் புரதம் வேண்டும் என்பது சத்துணவு வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு ஐம்பது கிராம். டீயும் பொறையும் மோர்ச் சோறும் சேர்ந்தாலும் அதில் பாதியை எட்டாது.

இன்னொரு காரணம், சாப்பிடத் துணை இல்லாதது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் டி காஸ்ட்ரோ 1989-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, சாப்பிட்டது என்ன, உடன் இருந்தது யார் என்று பலரை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். தனியாக உண்டதைவிட, பிறரோடு உண்ட வேளைகளில் சாப்பாடு 44 சதவீதம் கூடுதலாக இருந்தது. எடை குறைக்கப் பார்க்கும் நடுவயதுக்காரருக்கு இது எச்சரிக்கை. எழுபத்தைந்து வயதில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே மூடி வைப்பவருக்கு இதைவிட நல்ல மருந்து கிடைக்காது.

தமிழ்நாட்டுக்கு இந்த மருந்து புதிதில்லை. வடலூரில் வள்ளலார் 1867 மே 23-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது; வந்தவர் யார் என்று கேளாமல் அங்கே சோறு போடுகிறார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் குழந்தைகளுக்கானது என்றே எல்லோர் நினைவிலும் பதிந்திருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டே, 1983 ஜனவரி 15 முதல், முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் அதே மையங்களில் மதியச் சாப்பாடு என்று அரசு அறிவித்தது. பேரனுக்கு வடித்த உலையில் தாத்தாவுக்கும் ஒரு பிடி. ஊருக்கு ஊர் சமையற்கூடம், அதில் ஆள், பாத்திரம், அரிசி எல்லாம் ஏற்கெனவே இருந்ததால் அது உடனே சாத்தியமானது.

அந்தத் திட்டத்தில் உள்ள ஒரு விதியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மையத்துக்கு வந்து சாப்பிடும் உதவித்தொகைக்காரருக்கு மாதம் 2 கிலோ அரிசி. வராதவருக்கு 4 கிலோ. அதாவது ஒரு மாதத்து மதியச் சாப்பாட்டுக்கு ஈடு, 2 கிலோ அரிசி! கொதிக்கும் சாம்பார், வெந்த காய், பக்கத்தில் உட்கார்ந்து “ஏன் நேத்து வரல?” என்று கேட்கும் ஓர் ஆள், இவை எதுவும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. கால் வலியோடு மையம் வரை நடக்க முடியாதவருக்கு அரிசி கொடுப்பது நியாயம்தான். நடக்க முடிந்தவரையும் வீட்டுக்குள்ளேயே இருத்திவிடுகிறதே என்பதுதான் ஆதங்கம். அமெரிக்காவில் 1972 முதல் முதியோருக்குக் கூடி உண்ணும் மதிய உணவை அரசு நடத்துகிறது. பசி போக்குவதோடு, முதியவர்கள் ஒருவரோடொருவர் பழகுவதும் நோக்கம் என்று அதற்கான சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நம் விதியில் சேரவேண்டிய வரி அது.

என்ன பரிமாறுவது என்பதற்கு வெளியே தேட வேண்டாம். ஆடி மாதம் வடமாவட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் நின்றால் போதும்.

கூழுக்கு முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். உலையில் நொய்யைக் குழைய வேகவிட்டு, கரைத்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறுகிறார்கள். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் மாவு ஒட்டக்கூடாது; அப்போதுதான் வெந்தது என்று இறக்குவார்கள். இரவெல்லாம் ஆறியதை விடிந்ததும் கையால் உடைத்து, மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை அரிந்து போடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக் குடமும் கோயிலுக்குப் போய், வேப்பிலை கட்டிய அண்டாவில் ஒன்றாகக் கலக்கிறது. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. சொம்போடு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பாட்டிகள்.

முதுமைக்கென்றே யோசித்துச் சமைத்தது போல இருக்கிறது இந்தச் சாப்பாடு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு வெள்ளை அரிசியில் பத்துகூட இல்லை. புளிக்க வைப்பதால் அந்தச் சத்து உடம்பில் எளிதாகச் சேர்கிறது. பல் இல்லாதவரும் குடிக்கலாம். கீரையும் மோரும் கூடவே இறங்குகின்றன. சர்க்கரை நோயாளிகள் மட்டும் ஒரு சொம்போடு நிறுத்தி, கீரையைக் கூட்டிக்கொள்வது நல்லது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டின் உப்பை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆடி போனதும் இந்தக் கூழும் போய்விடுகிறது. மற்றப் பதினொரு மாதமும் அந்தப் பாட்டிகளுக்குப் பொறைதான்.

மற்ற மாதங்களுக்கும் மண்ணில் விடை இருக்கிறது. தையில் பச்சை மொச்சையும் அவரையும் துவரையும் சந்தைக்கு வந்து குவிகின்றன; குழைய வேகவைத்துக் குழம்பில் போட்டால் பல் இல்லாதவருக்கும் புரதம். சித்திரை வெயிலுக்கு நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, நீர்மோர். தாகம் தெரியாத வயதில் தண்ணீர் குடி என்று சொன்னால் மறந்துபோகும். மோரை டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தால் குடித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் மிளகு ரசம், பின்னாலேயே நெல்லிக்காய். மார்கழி விடியலில் கோயிலில் தரும் பொங்கலில் பாசிப்பருப்பு இருக்கிறது. பருவத்துக் காய்தான் சந்தையில் விலை மலிவு என்பதால் அரசின் கணக்குக்கும் இது ஒத்துவரும்.

கூடிச் சாப்பிடுவதை ஊரே ஏற்று நடத்தும் இடமும் உண்டு. குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் சந்தன்கி என்றொரு கிராமம். பிள்ளைகள் அகமதாபாத்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, ஊரில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். நியூயார்க்கில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஊராட்சித் தலைவர் பூனம்பாய் படேல் முன்னின்று ஒரு பொதுச் சமையற்கூடம் அமைத்தார். ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய். இரண்டு வேளை சாப்பாடு. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

2021-க்கான கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே இதுதான் அதிகம். சந்தன்கியில் புதிதாகக் கட்டவேண்டியிருந்ததை இங்கே கட்டத் தேவையில்லை. சத்துணவு மையங்கள் இருக்கின்றன, கோயில் அன்னதானக் கூடங்கள் இருக்கின்றன. உதவித்தொகை அட்டை இருக்கிறதா என்று பார்க்காமல், தனியாக வாழும் எந்தப் பெரியவரும் ஒரு தட்டோடு வந்து உட்காரலாம் என்று ஓர் ஆணை வந்தால் போதும். வசதி உள்ளவர் பணம் கட்டட்டும். இல்லாதவருக்கு அரசு கொடுக்கட்டும். மாணவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஒரு மணிக்கு மேல் பெரியவர்களின் பந்தி. உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்காக ஒரு பெஞ்சு.

மதியம் இப்படிச் சரியானாலும் இரவு மிச்சமிருக்கிறது. சந்தன்கியில் இரண்டு வேளையும் பரிமாறுகிறார்கள். நம் ஊர்ச் சத்துணவுக் கூடம் மதியத்தோடு கதவைச் சாத்திவிடுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடும் ஒருவர் ராத்திரி வெறும் வாழைப்பழத்தோடு படுத்தால் உடம்புக்கு என்ன ஆகிறது, அந்த வேளைக்கு எளிதாக என்ன செய்யலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)