சோறும் எழுத்தும்

பசி வந்தால் பறந்துபோகும் பத்தில் கல்வியும் ஒன்று என்று நம் முன்னோர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏழை நாடுகளை ஆண்டவர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. பலகையும் புத்தகமும் கொடுத்தால் போதும், பிள்ளையின் வயிற்றைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டனர். பெற்றோரின் வயிறே காய்ந்து கிடந்தால் அவர்கள் எதைக் கொண்டு பார்ப்பார்கள்?

சென்னைப் பட்டணத்தில் இது முன்னதாகவே உணரப்பட்டது. சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க 1920-இல் தீர்மானம் நிறைவேறியது. தலைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. 1956-இல் முதலமைச்சர் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குவது எல்லா மாநிலங்களுக்கும் கடமையாயிற்று.

படிப்பு ஏறியதா?

சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள். வந்தவர்கள் படித்தார்களா என்பதல்லவா கேள்வி?

உச்ச நீதிமன்ற ஆணையை மாநிலங்கள் ஒரே நாளில் நிறைவேற்றவில்லை. சில முந்தின, சில பிந்தின. ஆகவே பள்ளிச் சோற்றை ஐந்தாண்டு வரை உண்ட பிள்ளைகளும் இருந்தனர். ஓராண்டுகூட உண்ணாதவர்களும் இருந்தனர். இவ்விரு சாராரையும் தனிகா சக்ரவர்த்தி, ராஜஸ்ரீ ஜெயராமன் என்னும் பொருளாதார அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டனர். நெடுநாள் உண்டவர்கள் வாசிப்புத் தேர்வில் மற்றவர்களைவிட 18 சதவீதம் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். ஒரு மாதச் சோறு எழுத்தாக மாறிவிடாது. ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் கிடைக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

கென்யா காட்டிய பாடம்

ஆனால் சோறு மட்டுமே போதுமா? ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் 50 பாலர் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 25 பள்ளிகளில் மட்டும் காலையில் கஞ்சி ஊற்றிப் பார்த்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் கிறிஸ்டல் வெர்மீர்ஷும் நடத்திய ஆய்வு இது. கஞ்சி ஊற்றிய பள்ளிகளில் வருகை சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆயினும் அனுபவமுள்ள ஆசிரியர் வாய்த்த பள்ளிகளில் மட்டுமே மதிப்பெண் ஏறியது. மற்றப் பள்ளிகளில் ஏறவில்லை. வகுப்பில் கூட்டம் பெருகியது. உணவு வேளை பாட வேளையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடத்துக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனி ஆட்களை நியமித்த ஏற்பாட்டின் அருமை இங்கேதான் விளங்குகிறது. கரண்டி பிடிக்க ஒரு கை, சுண்ணக்கட்டி பிடிக்க வேறொரு கை. ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாக வைக்க முடியாது.

சோறு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும், உட்காரவும் வைக்கும். எழுத்தறிவிப்பது ஆசிரியரின் வேலை. அரிசிக்கு ஒதுக்கும் அரசு ஆசிரியருக்கும் ஒதுக்கினால்தான் அந்த அரிசி வீண்போகாது.