மூளைச் சிகிச்சையும் வெப்பக் கணக்கும்

அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அது பொங்குமுன் இறக்கிவிடுவர். கண்ணுக்குத் தெரியாத இடத்திற் சூடேறுமாயின் யாது செய்வது? மண்டையோட்டினுள் நிகழும் லேசர் சிகிச்சையில் எழும் முதற் கேள்வி இதுவே. அதற்கு விடை கண்ட வகையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

மூளையின் ஆழத்திற் கட்டியோ, காக்காய்வலிப்பை எழுப்பும் பழுதோ உடைய சிலருக்கு, மண்டையோட்டை அகலத் திறவாது, சிறு துளையிட்டு மெல்லிய கண்ணாடியிழை ஒன்றை வைத்தியர் உட்செலுத்துவர். இழையினின்று பரவும் லேசர் ஒளி சூழ்ந்துள்ள திசுவில் உறிஞ்சப்பட்டு வெப்பமாகின்றது. 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிய திசு உடனே வெந்து மடியும். 43 டிகிரிக்கு மேலோ, ஒவ்வொரு டிகிரி ஏறுந்தோறும் அதே சேதத்திற்கு வேண்டிய நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 43 டிகிரியில் 60 நிமிஷம் செய்யும் வேலையை 46 டிகிரி ஏழரை நிமிஷத்திற் செய்துவிடும். பார்வை நரம்பின் பாதை சில மில்லிமீட்டர் அப்பால் இருத்தல் கூடும். வெப்பம் குறைந்தால் நோய் எஞ்சும். மிகுந்தால் நோயாளி பார்வையில் ஒரு பகுதியை இழக்க நேரும்.

ஆகவே வெப்பம் எவ்வளவு தூரம் பரவும் என்பதை முன்னரே கணித்தல் வேண்டும். இரும்புத் துண்டில் வெப்பம் செல்லும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் பூரியே 1822ஆம் ஆண்டிலேயே கணிதத்தால் விளக்கிவிட்டார். உயிருள்ள திசுவிலோ இரத்தம் ஓடுகின்றது. ஓடும் நீரிலிட்ட சூட்டுக்கோல் போல, அங்கே வெப்பம் அடித்துச் செல்லப்படும். 1948ஆம் ஆண்டில் ஹாரி பென்னஸ் என்பார், மனிதரின் முன்கையில் தாம் அளந்த வெப்பநிலைகளைக் கொண்டு, இரத்தம் கொண்டுசெல்லும் வெப்பத்தையும் சேர்த்துச் சமன்பாடொன்றை வெளியிட்டார். மூளை உடலெடையில் நூற்றுக்கு 2 பங்கேயாயினும், இதயம் செலுத்தும் இரத்தத்தில் நூற்றுக்கு 15 பங்கைப் பெறுவது. ஆதலின் இங்கு அச்சமன்பாட்டின் அருமை சொல்லாமலே விளங்கும்.

கணிப்பொறி மூளையின் படத்தை நுண்ணிய கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் உறிஞ்சப்பட்ட ஒளி, அயற்கட்டத்திற்குக் கடந்த வெப்பம், இரத்தம் கவர்ந்த வெப்பம் ஆகியவற்றைக் கணந்தோறும் கணக்கிடுகின்றது. இடர் என்னவெனில், திசு வெந்தவுடன் அதன் இயல்பே மாறிவிடும்: ஒளி முன்னிலும் மிகச் சிதறும், இரத்தவோட்டம் நின்றுபோம். அருகிற் பெரிய இரத்தக்குழாய் இருப்பின் அப்பக்கம் வெப்பம் குன்றும். எனவே கணக்கு பொய்த்தலும் உண்டு.

இதற்குத் துணையாவது எம்.ஆர்.ஐ. படம். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவின் அதிர்வெண், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், ஏறக்குறைய பத்துக்கோடியில் ஒரு பங்கு குறையும். அச்சிறு குறைவை அளந்து, சில வினாடிக்கொருமுறை அக்கருவி வெப்பப் படம் வரைகின்றது. குறித்த இடத்தில் வெப்பம் எல்லை மீறின், லேசர் தானே அணையுமாறும் அமைத்துள்ளனர்.

எனினும் படம் நிகழ்ந்ததையே காட்டும். நிகழப்போவதைச் சொல்வது கணக்கே. இழையை எங்கு நிறுத்துவது, எவ்வளவு ஆற்றலை எத்துணை நேரம் செலுத்துவது என்பவற்றைக் கணக்கு முன்னுரைக்க, படம் அதனைச் சரிபார்க்கின்றது. இரண்டும் கூடியவழியே நோயாளிக்கு நன்மை.

பென்னஸ் முன்கையை அளந்தபோது லேசர் பிறக்கவில்லை. முதல் லேசர் ஒளிர்ந்தது 1960இல். தம் சமன்பாடு மூளைச் சிகிச்சைக்கு உதவும் என அவர் கருதியிருத்தல் அரிது. கணிதமும் பௌதிகமும் பரீட்சைக்கு மட்டுமே உரியன என்றெண்ணும் மாணவ நண்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.