இரண்டு கார்டு போட்டால் நினைவகம் இரண்டு மடங்கா?

உங்கள் கணினியில் 24 ஜிகாபைட் நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது. 70 பில்லியன் எடைகள் கொண்ட ஒரு மொழி மாதிரியை அதில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். ஓர் எடைக்கு 2 பைட் என்றால் மொத்தம் 140 ஜிகாபைட். அதை 4 பிட்டாகச் சுருக்கினாலும் 35 ஜிகாபைட் ஆகிறது; இடம் போதவில்லை. "இன்னொரு கார்டு வாங்கிப் போடுங்கள், 48 ஆகிவிடும்" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது பாதி உண்மை. பல ஆயிரம் ரிங்கிட் செலவாகும் விஷயம் என்பதால் மீதிப் பாதியையும் தெரிந்துகொள்வது நல்லது.

கார்டுகளை இணைப்பது புதிய யோசனை இல்லை. 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டுகள் இரண்டைச் சேர்த்தால், ஒன்று திரையின் ஒரு வரியையும் மற்றது அடுத்த வரியையும் வரைந்தன. 2004-இல் என்விடியா அதே எஸ்எல்ஐ என்ற பெயரில் தன் இணைப்பைக் கொண்டுவந்தது. இவற்றில் நினைவகம் கூடவில்லை. இரண்டு கார்டும் ஒரே காட்சியை வரைய வேண்டியிருந்ததால், ஒரே படத்தரவு இரண்டிலும் நகலாக இருந்தது. நாலும் நாலும் நாலுதான்! 2012-இல் வந்த ஜிடிஎக்ஸ் 690 கார்டில் இரண்டு சில்லுகள் இருந்தன. 4 ஜிகாபைட் என்று விற்றார்கள். விளையாட்டுக்குப் பயன்பட்டது 2 மட்டுமே.

நினைவகத்தை உண்மையாகவே பகிர்வது எப்படி என்பதற்குக் கேமரன் மலையில் நல்ல உதாரணம் உண்டு. ஹாபு தேயிலைத் தோட்டப் பக்கம் போனவர்கள் ரிங்லெட் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். 1960-களில் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டியபோது உருவான ஏரி அது. பெர்தாம் ஆற்று நீர் மட்டும் அதில் சேர்வதில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் தெலோம் ஆற்றின் நீரையும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் திருப்பி அதில் சேர்க்கிறார்கள். இரண்டு ஆறுகளும் மின்நிலையத்துக்கு ஒரே ஆறு மாதிரி. ஆனால் தெலோமில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும், சுரங்கம் கொள்ளும் அளவுதான் இந்தப் பக்கம் வரும்.

கார்டுகளுக்கு நடுவிலும் அந்தச் சுரங்கத்தின் அகலம்தான் கேள்வி. வழக்கமான பாதை தாய்ப்பலகையில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் நான்காம் தலைமுறையில், 16 தடமுள்ள முழு இடத்தில், ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 32 ஜிகாபைட் போகும். என்விடியா 2016-இல் பி100 சில்லோடு என்விலிங்க் என்ற தனிப்பாதையை அறிமுகப்படுத்தியது. 2020-இல் வந்த ஏ100 சில்லில் அது ஒரு திசைக்கு 300 ஜிகாபைட்டாக வளர்ந்தது. பெரிய எண்தான். ஆனால் 80 ஜிகாபைட் ஏ100 தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்குச் சுமார் 2,000 ஜிகாபைட் படிக்கும். அதாவது, மிக நல்ல இணைப்பிலும் பக்கத்துக் கார்டின் நினைவகம் சொந்த நினைவகத்தைவிட ஆறேழு மடங்கு மெதுவானது. அதனால் "ஒரே நினைவகம்" என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். வேலையைப் புத்திசாலித்தனமாகப் பிரிப்பது மென்பொருளின் பொறுப்பு.

பிரிப்பதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. மெட்டாவின் லாமா 70 பில்லியன் மாதிரியில் 80 அடுக்குகள் உள்ளன. முதல் 40 அடுக்குகளை ஒரு கார்டிலும் மற்ற 40-ஐ அடுத்ததிலும் வைக்கலாம். அப்போது ஒவ்வொரு சொல்துண்டுக்கும் ஒரு கார்டிலிருந்து மறு கார்டுக்குப் போக வேண்டியது 8,192 எண்கள், அதாவது வெறும் 16 கிலோபைட். இதற்கு என்விலிங்க் தேவையே இல்லை. பிசிஐ பாதை தாராளம். குறை என்னவென்றால், ஒரு கார்டு வேலை செய்யும்போது மற்றது சும்மா இருக்கும். மாதிரி ஓடும், வேகம் கூடாது.

இரண்டாவது வழியில் ஒவ்வோர் அடுக்கையும் குறுக்கே வெட்டி இரண்டு கார்டுகளும் ஒரே நேரத்தில் கணக்குப் போடும். வேகம் கூடும். ஆனால் அடுக்குக்கு இரண்டு முறை இரண்டும் நின்று விடைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் பிரட்டு எடுப்பது போலத்தான்: கடைசி ஆள் பேர் கொடுக்கும்வரை யாரும் மலை ஏற முடியாது. 80 அடுக்குக்கு 160 பிரட்டு, அதுவும் ஒவ்வொரு சொல்துண்டுக்கும்! பாதை மெதுவாக இருந்தால் காத்திருப்பதிலேயே நேரம் கரையும்.

மாதிரியைப் புதிதாகப் பயிற்றுவிப்பதாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. 7 பில்லியன் எடை கொண்ட சிறிய மாதிரியை இரண்டு கார்டுகளில் பயிற்றுவித்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டும் 14 ஜிகாபைட் திருத்தங்களைப் பரிமாற வேண்டும். பிசிஐ வழியில் அதற்கு அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஏ100-இன் என்விலிங்கில் அதில் பத்தில் ஒரு பங்கு. சுற்றுகள் லட்சக்கணக்கில் போகும்போது இந்த வித்தியாசம் நாள்களாகிவிடும்.

இதே தத்துவத்தின் பெரிய வடிவம் இப்போது நம் நாட்டுக்கு வருகிறது. 2021-இல் ஒய்டிஎல் பவர் நிறுவனம் ஜொகூரில் கூலாய் யங் தோட்டத்தை வாங்கியது. செம்பனைத் தோட்டமாக இருந்த அந்த நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழும்புகின்றன. தோட்டம் கைமாறிய கதைகள் நமக்குப் புதிதல்ல. இந்த மாற்றம் மட்டும் புதிது. 2023 டிசம்பரில் என்விடியாவுடன் கூட்டு அறிவித்த ஒய்டிஎல், அடுத்த ஆண்டு ஜிபி200 என்விஎல்72 என்ற அமைப்பைக் கொண்டுவருவதாகச் சொன்னது. அதன் ஒரு அலமாரியில் 72 சில்லுகள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செம்புக் கம்பிகள் அவற்றைப் பிணைக்கின்றன. எந்தச் சில்லும் மற்ற 71-இல் எதனுடனும் முழு வேகத்தில் பேசலாம்.

அந்த ஒரே அலமாரிக்குச் சுமார் 120 கிலோவாட் மின்சாரம் வேண்டும். ரிங்லெட் ஏரியின் நீரில் ஓடும் சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் திறன் 100 மெகாவாட். அது முழுமூச்சில் ஓடினால், குளிரூட்டலைச் சேர்க்காமலே, எண்ணூற்றுச் சொச்சம் அலமாரிகளுக்குத்தான் போதும். கூலாய் வளாகத்துக்குத் திட்டமிட்டிருப்பதோ 500 மெகாவாட். ஒரு மலையின் ஆறுகளைத் திருப்பிப் பெற்ற மின்சாரத்தைப் போல ஐந்து மடங்கு!

மறுபடி கடைக்கு வருவோம். சாதாரண வாடிக்கையாளருக்கான கார்டுகளில் என்விலிங்க் இணைப்பு கடைசியாக ஆர்டிஎக்ஸ் 3090 வரிசையில்தான் இருந்தது. இரு திசையும் சேர்த்து 112.5 ஜிகாபைட். 4090-இல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய 3090 இரண்டு வாங்கி, அடுக்குகளைப் பிரித்து மாதிரியை ஓட்ட மட்டும் நினைத்தால், இணைப்புப் பாலத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். பயிற்றுவிக்க நினைத்தால் அந்தப் பாலம் உதவும். தாய்ப்பலகையின் இரண்டாவது இடத்தில் எத்தனை தடங்கள் என்று பாருங்கள். பார்ப்பதற்கு நீளமாக இருந்தாலும் பலவற்றில் உள்ளே நான்குதான் இருக்கும். 3090 ஒவ்வொன்றும் 350 வாட் இழுக்கும். மின்வழங்கி 1,000 வாட்டுக்குக் குறையக்கூடாது. வெப்பத்தைப் பொறுத்தவரை, தானா ராத்தாவில் குடியிருப்பவர்களுக்குக் கவலை கொஞ்சம் குறைவு. கிள்ளானில் இருப்பவர்கள் குளிர்சாதனத்தின் மின்கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.