நம் பிள்ளையை அந்நியர் கண்டித்தால் என்ன செய்வது?

காஜாங் கேடிஎம் நிலையம். ரயில் வரும் நேரத்தில் உங்கள் மகன் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடுகிறான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்து இழுத்து அதட்டுகிறார். "என் பிள்ளையைக் கேட்க நீங்க யாரு?" என்று நமக்குக் கோபம் வருகிறது.

தோட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா அதட்டினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அவர் தெரிந்தவர். இன்று அதட்டுபவரின் முகமே நமக்குத் தெரியாது. அதனால்தான் கோபம் முந்துகிறது.

முதலில் பிள்ளையை உங்கள் பக்கம் அழைத்துக்கொண்டு, நடந்ததைக் கேளுங்கள். ஆபத்திலிருந்து காத்தவர் என்றால் நன்றி சொல்லுங்கள். பிள்ளை தவறு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். வார்த்தை கடுமையாக இருந்தால், "இனி நான் பார்த்துக்கொள்கிறேன், ஐயா" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். அங்கே சண்டை போட்டால் பிள்ளைக்குத் தன் தவறு மறந்துபோகும். சண்டைதான் நினைவில் நிற்கும்.

ஆனால், இழுத்துக் காப்பாற்றுவது வேறு, அடிப்பது வேறு. பிறர் பிள்ளையை அடித்து வலி ஏற்படுத்துவது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 323ஆவது பிரிவின் கீழ் குற்றமாகலாம். ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நாம் திருப்பி அடித்தால் அதே சட்டம் நம் மீதும் பாயலாம். பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு போலீசில் புகார் செய்யுங்கள். உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணையும் அழைக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் கோடு எதற்கு என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அது நம் வேலை.