எந்தத் தொழிலாளிக்கு எந்தப் பயிற்சி?

பல ஆலைகளில் புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு அரைநாள் வகுப்பு நடக்கும். தலைக்கவசம் அணிய வேண்டும், தீயணைப்புக் கருவியை இப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்வார்கள். கடைசியில் பதிவேட்டில் ஒரு கையெழுத்து. பயிற்சி முடிந்தது!

கொதிகலன் அருகே நிற்பவருக்கும், அமிலப் பீப்பாய் உருட்டுபவருக்கும், தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்பவருக்கும் ஆபத்து ஒன்றா? இல்லை. அப்படியிருக்க, பயிற்சி மட்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? யாருக்கு எது தெரிய வேண்டும் என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் போபால் சாட்சி.

கண் எரிந்தது

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ந் தேதி இரவு. போபால் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில், மீத்தைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. 11.30 மணி அளவில் தொழிலாளர்களுக்குக் கண் எரிந்து நீர் வடிந்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விடப்பட்டது.

நள்ளிரவுக்குப் பின் சுமார் 40 டன் விஷவாயு ஊருக்குள் பரவியது. மத்திய பிரதேச அரசு உறுதி செய்த சாவு எண்ணிக்கையே 3,787.

பயிற்சிக் காலம் வெகுவாகக் குறைக்கப்பட்டது என்றும், வேலைக் குறிப்பேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன என்றும் தொழிலாளர்கள் பின்னர் கூறினார்கள். 1981 டிசம்பரிலேயே அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். அந்த எச்சரிக்கை போதவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக் கொள்ளலாம் என்பதுகூட ஆலையைச் சுற்றியிருந்த மக்களுக்குத் தெரியாது. பதறி ஓடினார்கள்.

மூன்று கேள்விகள்

பயிற்சித் தேவையைக் கண்டறிய மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, இந்த வேலையில் என்ன ஆபத்து? இயந்திரம், ரசாயனம், வெப்பம், இரைச்சல், தூசி என்று வேலைவாரியாக எழுத வேண்டும்.

இரண்டாவது, இந்த ஆளுக்கு என்ன தெரியும்? எழுத்துத் தேர்வு வேண்டாம். “இந்த வால்வு கசிந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று வேலை செய்யும் இடத்திலேயே கேட்டு, செய்து காட்டச் சொன்னால் போதும்.

மூன்றாவது, இதுவரை என்ன நடந்தது? முதலுதவிப் பதிவேட்டில் உள்ள சிறு காயங்களும், மயிரிழையில் தப்பிய சம்பவங்களும் எங்கே குறை என்று காட்டிவிடும்.

ஒப்பந்தத் தொழிலாளி, துப்புரவுத் தொழிலாளி, லாரி டிரைவர் எல்லோரும் இந்தக் கணக்கில் வர வேண்டும். தமிழ், மராத்தி, இந்தி என்று பல மொழிக்காரர்கள் சேர்ந்து உழைக்கும் மும்பை வட்டாரத்தில், எந்த மொழியில் சொன்னால் புரியும் என்பதும் முக்கியமான கேள்வி.

இன்னொன்று. எல்லாக் குறையும் பயிற்சியால் தீராது. போபாலில் தொட்டியைக் குளிர்விக்கும் கருவி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மருந்து வகுப்பு அல்ல. கருவியை ஓட வைப்பதுதான். இயந்திரத்தைச் சரி செய்யாமல் தொழிலாளிக்குப் பாடம் நடத்துவது பழியை அவர் தலையில் போடுவதாகும்.

கேட்கலாம்

போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வந்தது. பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்றும் எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. பாதுகாப்புக் குழு அதிலும் உண்டு.

மும்பை சயானில் மத்திய தொழிலாளர் நிலையம் இருக்கிறது. நவிமும்பையில் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் இருக்கிறது. பயிற்சி தர இடத்துக்குப் பஞ்சமில்லை. எந்தப் பயிற்சி வேண்டும் என்பதை மட்டும் வெளியே இருந்து யாரும் சொல்லிவிட முடியாது. அந்த இயந்திரத்தின் முன்னால் தினமும் 8 மணி நேரம் நிற்பவரிடம் கேட்க வேண்டும். கண் எரிகிறது என்று அவர் சொன்னால், தேநீர் காத்திருக்கட்டும்.