கைக்கு அடங்காத குப்பி

கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுவது மிக எளிய செயல் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். ஒரு கையால் கீழிமையை இழுக்க வேண்டும். மறு கையால் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால், மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்க மறுக்கும் ஒருவருக்கு இந்த மூன்றும் மூன்று தடைகள். பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவருக்கும், பக்கவாதத்தால் ஒரு கை மட்டுமே இயங்குபவருக்கும் நிலைமை இன்னும் கடினம்.

இதனால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்கலாம். கண்ணழுத்த நோயை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரிவர வெளியேறாவிட்டால் அழுத்தம் கூடுகிறது. பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சேதமடைகிறது. பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் வலி இருப்பதில்லை. இழந்த பார்வையோ மீண்டும் வருவதில்லை. அழுத்தத்தைக் குறைக்க நாள்தோறும், பல ஆண்டுகளுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். இந்நோய் முதியவர்களையே அதிகம் தாக்குகிறது. மூட்டுவாதமும் கைநடுக்கமும் அவர்களிடையேதான் மிகுதி. ஆக, அந்தச் சிறிய குப்பியை அதிகம் நம்பியிருப்பவர்களே அதனைக் கையாள மிகவும் திணறுகிறார்கள்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இந்நோய்க்குரிய மருந்துகளுள் ஒன்று 2.5 மில்லிலிட்டர் குப்பியில் வருகிறது. அதில் ஏறக்குறைய 80 சொட்டுகள் உள்ளன. இரவுதோறும் கண்ணுக்கு ஒரு சொட்டு வீதம் இரு கண்களுக்கும் விட்டால், 30 நாளுக்கு 60 சொட்டுகள் போதும். ஒரு மாதத்திற்கு மேலும் வரும். ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு சொட்டுகள் கன்னத்தில் விழுந்து மூன்றாவதுதான் கண்ணில் விழுகிறது என்றால், அதே குப்பி இரண்டு வாரத்திற்குள் தீர்ந்துவிடும். அடுத்த குப்பி கைக்கு வரும்வரை கண்ணுக்கு மருந்தில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சொட்டு மருந்து விடுவதில் சிரமமே இல்லை என்று சொன்ன நோயாளிகள் சிலரை ஆய்வாளர்கள் காணொளியில் பதிவு செய்து பார்த்தனர். அவர்களுள் பலருக்குச் சொட்டு இமையில் விழுந்தது அல்லது குப்பியின் முனை கண்ணைத் தொட்டது. முனை கண்ணில் பட்டால் கிருமி குப்பிக்குள் செல்லும். கண்ணிலும் கீறல் விழலாம். இவ்வாறு மருந்து கண்ணைச் சேராதபோது அழுத்தம் குறையாது. மருந்து பலிக்கவில்லை என்று கருதி, மருத்துவர் வேறொரு மருந்தைக் கூடுதலாகத் தரவும் நேரலாம். உண்மையில் தோற்றது மருந்து அன்று, குப்பி.

அப்படியானால் குப்பியை மென்மையாகச் செய்துவிடலாமே? அங்கேதான் வடிவமைப்பாளரின் தலைவலி தொடங்குகிறது. குப்பி மிகவும் மென்மையாக இருந்தால், இலேசாகப் பிடித்தாலே சொட்டுகள் தொடர்ந்து கொட்டும். கெட்டியாக இருந்தால் வலுவற்ற விரல்களால் அழுத்த முடியாது. கிருமிகளைத் தடுக்கும் பதனப்பொருள் சிலரது கண்ணை உறுத்துகிறது. அதனால் அப்பொருள் சேர்க்காத மருந்துகளும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றின் குப்பியில் கிருமி உள்ளே புகாதபடி வடிகட்டியோ அடைப்பிதழோ பொருத்தப்பட்டிருக்கும். அதனைத் தாண்டிச் சொட்டு வெளிவர, கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. வேறு சில, ஒரு வேளைக்கு மட்டும் போதுமான குட்டிக் குழாய்களில் வருகின்றன. அவற்றின் நுனியோ நகத்தளவே இருக்கும். அதைத் திருகி உடைக்க வேண்டும். கண்ணுக்கு நன்மை செய்த மாற்றம் விரலுக்குச் சுமையாகிவிட்டது.

மூடியிலும் இதே இழுபறி உண்டு. கண் சிவப்பைப் போக்கும் சில சொட்டு மருந்துகளைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அமெரிக்காவில் அத்தகைய மருந்துகளுக்குக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி வேண்டும் என 2012இல் விதி வகுக்கப்பட்டது. தேவையான விதிதான். ஆனால், அழுத்திக்கொண்டே திருக வேண்டிய மூடி பேரக்குழந்தையை மட்டுமா தடுக்கும்? பாட்டியையும் தடுக்கும்.

இத்தகைய சிரமத்தை இளம் வடிவமைப்பாளர்கள் எவ்வாறு உணர்வது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வடிவமைப்பு மையம் அதற்கென்றே ஒரு கையுறையை உருவாக்கியது. அதிலுள்ள பட்டைகள் விரல்கள் மடங்குவதைத் தடுக்கும். அதை அணிந்துகொண்டு ஒரு பொருளைத் திறக்க முயன்றால், அதன் குறை உடனே புலப்படும். நீங்களும் இதனை ஓரளவு உணர்ந்து பார்க்கலாம். தடித்த கையுறை அணிந்து, தண்ணீர் நிரப்பிய சிறு சொட்டுக் குப்பியைத் தலைகீழாகப் பிடியுங்கள். முழங்கையை உயர்த்தியபடி, மேசையிலுள்ள 20 சென் நாணயத்தின்மீது ஒரே ஒரு சொட்டு விடுங்கள். நாணயம் இமைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்!

இதுவரை வந்துள்ள தீர்வுகளுள் எளியவை, குப்பியோடு பொருத்தும் துணைக்கருவிகள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவன் மம்ஃபோர்டு நிறுவனம் இவ்வகையில் இரண்டு கருவிகளை உருவாக்கியது. ‘ஆட்டோஸ்குவீஸ்’ என்பதற்கு இரண்டு அகன்ற சிறகுகள் உண்டு. அவற்றை உள்ளங்கையால் சேர்த்துப் பிடித்தால் குப்பி அழுந்தும். அறிவியல் பாடத்தில் படித்த நெம்புகோல் தத்துவம்தான்; கை நீண்டால் தேவைப்படும் விசை குறைகிறது. ‘ஆட்டோடிராப்’ வேறொரு சிக்கலைத் தீர்க்கிறது. அது கண்ணின்மீது அமர்ந்து, கீழிமை மூடாமல் பிடித்துக்கொள்ளும். அதிலுள்ள சிறு துளையைப் பார்க்கும்போது பார்வை மேலே திரும்பிவிடுவதால், சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் இமைக்கும் உந்துதலும் குறைகிறது. என் கருத்தில், இரண்டாவதுதான் கூர்மையான சிந்தனை. முதலாவது விரலின் வலிமையை மட்டும் எண்ணியது. இது கண்ணின் அச்சத்தையும் எண்ணிப் பார்த்தது.

இருந்தாலும், துணைக்கருவிகளுக்கு ஓர் எல்லை உண்டு. குப்பிகள் வட்டம், நீள்வட்டம், தட்டை எனப் பல வடிவங்களில் வருகின்றன. மருந்தகம் அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் மருந்தைக் கொடுத்தால், பழைய கருவி அதில் பொருந்தாமல் போகலாம். எனவே, குப்பியையே மாற்ற வேண்டும் என்பார் பலர். ஜெர்மனியின் ‘கோமோட்’ குப்பியில் பக்கங்களை அழுத்த வேண்டியதில்லை. அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கினால் அளவான ஒரு சொட்டு விழும். இன்னும் ஒரு படி மேலே சென்று, தலையைச் சாய்க்காமலே நேராகக் கண்ணில் தூவும் கருவியும் வந்துள்ளது. கண்பாவையை விரிக்கும் மருந்தை அவ்வாறு தூவுவதற்கு அமெரிக்கா 2023இல் அனுமதி அளித்தது. சாதாரணச் சொட்டில் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்தோடும். இக்கருவியோ மிக நுண்ணிய அளவையே தூவுகிறது. ஆனால், அம்மருந்து பரிசோதனைக்கு முன்பு மருத்துவமனையில் இடப்படுவது. நாள்தோறும் வீட்டில் பயன்படுத்தப்படும் குப்பியின் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை.

அதுவரை பழைய குப்பியோடுதான் பலரும் வாழ வேண்டியுள்ளது. கைநடுக்கம் உள்ளவர் குப்பி பிடித்த கையை நெற்றியிலோ, கீழிமையை இழுக்கும் கையின்மீதோ ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கும். அதுவும் இயலாதவர் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளலாம். மூக்கை ஒட்டிய கண்ணோரத்தில் ஒரு சொட்டு விட்டபின் மெல்லக் கண்ணைத் திறந்தால், மருந்து தானே உள்ளே இறங்கும். பிறகு கண்ணை மூடி, அந்த ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் இலேசாக அழுத்திக்கொண்டால், மருந்து மூக்குக்குள் வடியாமல் கண்ணிலேயே தங்கும்.