எடுத்த ரத்தத்தின் கணக்கு

விழுந்த பால்பல்லின் குழியில் ரத்தம் நிற்கவில்லை. எங்கும் இடிக்காமலே முழங்கால் வீங்குகிறது. ஜவ்வாதுமலையின் நெல்லிவாசல்நாட்டில் ஒரு தாய் இப்படிப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வந்தால், பரிசோதனைக்குப் பிறகு காதில் விழும் பெயர், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாக இருக்கலாம். அந்தப் பெயரைக் கைபேசியில் தேடினால் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு வரும், பத்து வரிச் சுருக்கம் வரும், அதன் கீழே டாலரில் விலை வரும்.

உதாரணமாக, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் ஹீமோஃபிலியா ஏ வகை உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்தார்கள். கண்காணித்த காலம் முழுவதும் ஐவருக்கும் ரத்தக்கசிவே ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் அந்த முடிவு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. அது சந்தா இதழ். அதன் ஆய்வுக் கட்டுரைகள் பொதுவாக ஆறு மாதம் கழித்தே இலவசமாகத் திறக்கும். நோயாளிக்கு ஆறு மாதம் சின்னக் காலம் அல்ல.

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆகியவற்றின் பணத்தில் நடக்கும் ஆய்வுகளை எல்லோரும் படிக்கும் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று 2014லேயே கொள்கை வந்துவிட்டது. 2025இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் நோயாளியின் வீட்டுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

பூட்டிய கட்டுரை உயிரையே வாங்கும். லைபீரியாவிலும் எபோலா இருக்கலாம் என்று 1982லேயே ஓர் ஐரோப்பிய இதழின் கட்டுரை சொல்லியிருந்தது. 2014இல் நோய் பரவியபோது அந்நாட்டு அதிகாரிகளுக்கு அது தெரியாது. அப்படிப்பட்ட ஒரு கட்டுரையின் விலை அப்போது 45 டாலர். அங்கிருந்த மருத்துவருக்கு அது ஏறத்தாழ அரை வாரச் சம்பளம்.

திறந்து வைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அதை மறைக்கக் கூடாது. ‘ஆறு வயதுச் சிறுவன், ஜவ்வாதுமலை’ என்று எழுதி நோயின் பெயரையும் போட்டால், பிள்ளையின் பெயர் இல்லாமலே யார் வீடு என்று மலைக்கே தெரிந்துவிடும். நாளை அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வருகிறவர்களுக்கும் தெரியும். ஆய்வுக்கென்று பிள்ளையின் ரத்தத்தைக் கேட்டால், படமும் குடும்ப வம்சாவளி வரைபடமும் வெளியிடலாமா என்று தனித்தனியாகக் கேட்டு ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். மறுக்கலாம், பாதியில் விலகலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது. பழங்குடியினருக்குக் கூடுதல் பாதுகாப்பும் உண்டு. கையெழுத்துக்கு முன், “முடிவை நாங்கள் காசில்லாமல் படிக்க முடியுமா, தமிழில் ஒரு பக்கம் தருவீர்களா?” என்று கேளுங்கள்.

மருந்துச் சோதனை என்றால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் விவரத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கட்டுரை விலை கேட்டால் முதலில் இலவசக் கட்டுரைகளின் இணையக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால், சுருக்கத்துடன் இருக்கும் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு, “என் பிள்ளைக்கு இந்த நோய், கட்டுரையின் பிரதி வேண்டும்” என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி எழுதுங்கள். கேட்டவருக்குப் பிரதி அனுப்புவது ஆய்வாளர்களிடையே நெடுநாள் வழக்கம்.